மாமாவுக்குக் கரண்ட் வைத்த கதை

“கட்டிய சுத்தமா எடுத்தாச்சுன்னு டாக்டரே சொன்னாரு. அப்புறம் எதுக்கு மாப்ள கரண்ட்டு?”

மாமாவின் ஆபரேஷன் தையலைப் பிரித்துவிட்டு கிண்டியிலிருந்து ரயிலில் திரும்பிக்கொண்டிருந்தோம். பல்லாவரம் தாண்டும்போது மாமா கேட்டார். கேட்டவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. ஊரப்பாக்கத்தில் முப்பது வருஷமாக மோட்டார் வைண்டிங் கடை வைத்திருப்பவர். போர் மோட்டார், மிக்சி, கிரைண்டர், டேபிள் ஃபேன் என்று எரிந்துபோன எதைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் கருகின காயிலைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புதுசு சுற்றிக் கொடுப்பார். கதிர்வீச்சு சிகிச்சைக்கு நம் பக்கத்து ஜனங்கள் வைத்திருக்கும் பெயர் ‘கரண்ட் வைக்கிறது’. அந்தப் பெயரைக் கேட்டாலே மாமாவுக்குக் கோபம் வரும். “முப்பது வருஷமா ஷாக் அடிக்காம தப்பிச்சவன்டா நான். கடைசியில எனக்கே வைக்கிறேங்கறாங்க.”

அன்றைக்கு என்னிடம் ஒழுங்கான பதில் இல்லை. “டாக்டர் சொன்னா செஞ்சுதான் ஆகணும் மாமா” என்று மழுப்பிவிட்டேன். பதில் கிடைக்க இரண்டு வாரம் ஆனது. கிடைத்த பிறகு, இதை யாராவது முதல் நாளே சொல்லியிருந்தால் எங்கள் வீட்டில் பாதித் தூக்கம் மிஞ்சியிருக்குமே என்று தோன்றியது. அதனால்தான் எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. கூடப் போனவன், ஃபைல் தூக்கினவன், கேள்வி கேட்டவன், அவ்வளவுதான்.

கட்டியை முதலில் கண்டுபிடித்தது சலூன்காரர். ஷேவ் செய்யும்போது, “அண்ணே, இந்தப் பக்கம் காது மடல் கொஞ்சம் தூக்கிக்கிட்டு இருக்கே” என்றார். இடது காதுக்குக் கீழே, தாடை வளைவில், கொட்டைப் பாக்கு அளவுக்கு ஒன்று. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. அத்தை சுண்ணாம்பும் வெல்லமும் குழைத்துப் பற்றுப் போட்டார்கள். பக்கத்து வீட்டு ஆயா பொன்னுக்கு வீங்கி என்று சொல்லிவிட்டதால் அத்தையின் செயின் பத்து நாள் மாமா கழுத்தில் கிடந்தது. பொன்னுக்கு வீங்கி ஒன்றிரண்டு வாரத்தில் வடிந்துவிடும். இது இரண்டு வருஷம் இருந்தது. கொட்டைப் பாக்கு மெதுவாக எலுமிச்சம்பழம் ஆனது.

நடுவில் ஒரு கிளினிக்கில் ஆன்டிபயாட்டிக் மூன்று கோர்ஸ் கொடுத்தார்கள். இன்னொரு இடத்தில், “சின்னக் கட்டிதானே, மரக்க ஊசி போட்டு ஒரு வெட்டு வெட்டி எடுத்துடலாம், சாயங்காலமே வீட்டுக்குப் போயிடலாம்” என்றார்கள். மாமா கிட்டத்தட்ட ஒப்புக்கொண்டுவிட்டார். அன்றைக்கு ஒரு அர்ஜென்ட் மோட்டார் வந்ததால் போகவில்லை. யார் வீட்டு போர் மோட்டாரோ தெரியாது, அது எரிந்தது எங்கள் நல்ல காலம்.

ஏன் என்று பிறகுதான் புரிந்தது. காதுக்கு முன்னும் கீழுமாக இருக்கும் பரோட்டிட் தான் நம் உமிழ்நீர்ச் சுரப்பிகளில் பெரியது. தாடைக்கு அடியில் ஒரு ஜோடி, நாக்குக்கு அடியில் ஒரு ஜோடி, அது போக வாய்க்குள் உதடு, அண்ணம், கன்னம் என்று நூற்றுக்கணக்கில் பொடிச் சுரப்பிகள். உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டிகளில் சுமார் 80 சதவீதம் பரோட்டிட்டில்தான் வருகிறது, அதிலும் ஐந்தில் நான்கு சாதுவானவை. ஒரு கணக்கு சொல்வார்கள்: சுரப்பி சிறியதாக ஆக ஆக, அதில் வரும் கட்டி கெட்டதாக இருக்கும் வாய்ப்பு கூடும். பரோட்டிட்டில் ஐந்தில் ஒன்று, தாடைச் சுரப்பியில் ஏறக்குறைய பாதி, பொடிச் சுரப்பிகளில் பாதிக்கும் மேல். புற்றுநோய்களிலேயே அபூர்வமான ரகம். ஒரு வருஷத்தில் லட்சம் பேரில் ஒருவருக்குக்கூட வராது.

சாதுவோ கெட்டதோ, பரோட்டிட்டில் ‘சின்ன வெட்டு’ என்று ஒன்று கிடையாது. காரணம் முக நரம்பு. அறுவை சிகிச்சை டாக்டர் அதை விளக்கின விதம் மறக்காது. மாமாவின் கையைப் பிடித்து, மணிக்கட்டு காது மடலுக்குக் கீழே வரும்படி கன்னத்தில் வைத்து விரலை விரிக்கச் சொன்னார். “ஐயா, இதான் உங்க நரம்பு. மணிக்கட்டுகிட்ட மண்டை ஓட்டுலேருந்து வெளிய வருது. அஞ்சு விரலா பிரியுது. மேல் விரல் நெத்தியச் சுருக்கும், அடுத்தது கண்ண மூடும், நடு விரல் கன்னத்தையும் மேல் உதட்டையும் பாத்துக்கும், நாலாவது கீழ் உதடு, கடைசி கழுத்து. உங்க கட்டி உள்ளங்கையில உக்காந்திருக்கு.” மாமா கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

முதலில் ஊசி குத்தி செல் எடுத்துப் பார்த்தார்கள். கழுத்துப் பக்கம் கட்டி என்றால் நம் ஊரில் டிபியையும் நினைக்காமல் இருக்க முடியாது, அதற்கும் சோதித்தார்கள். கீறித் துண்டு எடுக்கும் பயாப்ஸியை மட்டும் இந்த இடத்தில் கூடிய வரை தவிர்ப்பார்கள். நரம்பில் பட்டுவிடலாம், கட்டி உடைந்து செல் சிந்திவிடலாம். ஊசி ரிப்போர்ட், கெட்ட கட்டி என்று சந்தேகம் சொன்னது. பிறகு எம்.ஆர்.ஐ. அதன் பிறகு, நான்கு மணி நேர ஆபரேஷன்.

காதுக்கு முன்னால் தொடங்கி, மடலைச் சுற்றி வந்து, கழுத்துச் சுருக்கத்தில் இறங்கும் வெட்டு. தோலை விலக்கியதும் டாக்டர்கள் முதலில் கட்டியைத் தொடுவதில்லை, நரம்பின் அடிமரத்தைத்தான் தேடுகிறார்கள். கண்டுபிடித்த பிறகு கிளை கிளையாகப் பிரித்து, அதைச் சுற்றியுள்ள சுரப்பியையும் கட்டியையும் உரித்து எடுக்கிறார்கள். முகத் தசைகளில் மெல்லிய ஊசி மின்முனைகள் செருகியிருக்கும், நரம்பைச் சீண்டினால் மானிட்டர் சத்தம் போடும். இதைச் சொன்னதும் மாமா முகத்தில் முதல் தடவையாக ஒரு ஆர்வம் வந்தது. “கன்டினியூட்டி செக் பண்ற மாதிரிதானே மேடம்?” என்று மயக்க மருந்து டாக்டரிடம் கேட்டார். அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

கண் விழித்தபோது இடது பக்கக் கீழ் உதடு லேசாக இழுத்துக்கொண்டிருந்தது. தண்ணீர் குடித்தால் ஓரத்தில் வழிந்தது. நரம்பு அறுபடவில்லை, தொட்டுப் புழங்கியதில் சோர்ந்திருக்கிறது, சில வாரமோ மாதமோ ஆகும் என்றார்கள். காது மடல் மரத்துவிட்டது. உணர்ச்சி கொடுக்கும் இன்னொரு நரம்பு அந்த வழியில் குறுக்கே வருவதால் அது பெரும்பாலும் தப்புவதில்லையாம். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, “கண்ணுக்குத் தெரிஞ்சதெல்லாம் சுத்தமா எடுத்தாச்சு” என்றார்.

அந்தச் சொற்றொடரின் முதல் இரண்டு வார்த்தையை நாங்கள் யாரும் காதில் வாங்கவே இல்லை.

பத்து நாளில் பயாப்ஸி ரிப்போர்ட் வந்தது. அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமா. கீழே இரண்டு வரியை டாக்டர் பேனாவால் அடிக்கோடிட்டிருந்தார். ஒன்று, நரம்பு இழைகளைச் சுற்றி நோய் செல்கள் இருக்கின்றன. இன்னொன்று, அடிப்பக்க ஓரம் மிகவும் நெருக்கம். எடுத்த கட்டிக்கும் வெட்டின விளிம்புக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர்கூட நல்ல சதை இல்லை. அறுவை சிகிச்சை டாக்டர், கதிர்வீச்சு டாக்டர், பயாப்ஸி பார்த்தவர் எல்லாரும் சேர்ந்து உட்காரும் டியூமர் போர்டில் பேசி, 33 நாள் கதிர்வீச்சு என்று முடிவானது.

மாமாவின் கேள்விக்குப் பதில் கதிர்வீச்சு டாக்டர் அறையில்தான் கிடைத்தது. “இந்த ரகம் மெதுவா வளரும், ஆனா நரம்பைப் பிடிச்சுக்கிட்டு ஊர்ந்து போகும். கட்டி ஒரு இடத்துல இருக்கும், செல்லு அதைத் தாண்டி ரொம்ப தூரம் போயிருக்கும்” என்று ஆரம்பித்தார். மாமா இடைமறித்தார். “மழைக்கு மொட்டை மாடியில ஒழுகும், தண்ணி பைப்புக்குள்ளயே ஒயரப் பிடிச்சுக்கிட்டு வந்து கீழ் வீட்டு சுவிட்ச் போர்டுல சொட்டும். போர்டை மாத்தினா ஒழுகல் நிக்காது. அதானே டாக்டர்?” டாக்டர் ஒரு நிமிஷம் பேசவில்லை. “இனிமே எல்லாருக்கும் இதையே சொல்றேன் ஐயா” என்றார்.

பிறகு அவர் சொன்னதுதான் இந்தக் கதையின் மையம். அடிப்பக்க ஓரம் ஏன் அவ்வளவு நெருக்கம்? அங்கேதான் முக நரம்பு ஓடுகிறது. ஆபரேஷனுக்கு முன்பு அது நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது, கட்டியிலிருந்து உரித்தெடுக்கவும் முடிந்தது. இன்னும் கொஞ்சம் தாராளமாக வெட்டினால் நரம்பும் சேர்ந்து போகும். இடது கண் மூடாது, வாய் கோணும், சோறு கன்னத்தில் தங்கும், காலத்துக்கும். அறுவை டாக்டர் அந்த இடத்தில் கத்தியை நிறுத்தினார் என்றால், மிச்சம் மீதி செல்கள் இருந்தால் கதிர் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில்தான். கத்தி தோற்றதால் கரண்ட் வரவில்லை. கரண்ட் வரப்போகிறது என்பதால்தான் கத்தியால் அவ்வளவு மரியாதையாக நடந்துகொள்ள முடிந்தது. கட்டி நரம்பையே அடைத்துக்கொண்டு, ஆபரேஷனுக்கு முன்பே முகம் கோணியிருந்தால் கதை வேறு. அப்போது நரம்பையும் எடுத்துவிட்டு வேறு இடத்திலிருந்து நரம்பு எடுத்து ஒட்டுப் போடுவார்கள்.

“அப்ப வெட்டாமலேயே கரண்ட் மட்டும் வச்சிருக்கலாமே?” அத்தையின் கேள்வி. நியாயமானதுதான். கட்டி மொத்தையாக இருக்கும்போது அதில் கோடிக்கணக்கான செல்கள். சாதாரணக் கதிர்வீச்சு மட்டும் அந்த மொத்தையை நிரந்தரமாக அடக்குவது கடினம், உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டிகளில் இன்னும் கடினம். கண்ணுக்குத் தெரியாமல் சிதறிக் கிடக்கும் மிச்சத்தை அழிப்பதில் கதிர் கெட்டி. மொத்தையைக் கத்தி பார்க்கட்டும், சிதறலைக் கதிர் பார்க்கட்டும். கீமோ இதற்கு வழக்கமான சிகிச்சையாக இன்னும் நிலைபெறவில்லை என்பதால் மாமாவுக்குக் கொடுக்கவில்லை.

இதற்குக் கணக்கும் இருக்கிறது. நெதர்லாந்தின் தலை–கழுத்துப் புற்றுநோய் மையங்கள் சேர்ந்து, ஆபரேஷன் செய்துகொண்ட 498 பேரின் விவரங்களைத் தொகுத்து 2005-ல் வெளியிட்டார்கள். கட்டி பெரிதாக முற்றியவர்களில், ஆபரேஷனோடு கதிர்வீச்சும் எடுத்தவர்களுக்குப் பத்து வருஷத்துக்குப் பிறகும் அதே இடத்தில் நோய் திரும்பாமல் இருந்தது 84 சதவீதம். ஆபரேஷன் மட்டும் செய்துகொண்டவர்களுக்கு 18 சதவீதம். ஓரம் நெருக்கமாக இருந்தவர்களுக்கு 95-க்கு 55. சீட்டுக் குலுக்கிப் பிரித்துச் செய்த ஆய்வு இல்லை இது, நடந்ததைத் திரும்பிப் பார்த்த கணக்கு. இவ்வளவு அபூர்வ நோய்க்கு அப்படித்தான் கிடைக்கும். ஆனாலும் வித்தியாசம் சின்னதா என்ன?

கட்டி சின்னதாக, சாந்தமான ரகமாக, ஓரம் தாராளமாக இருந்தால் ஆபரேஷனோடு நிறுத்திவிடுவார்கள். பரோட்டிட்டில் அதிகம் வரும் சாதுக் கட்டியான பிளியோமார்ஃபிக் அடினோமாவுக்கும் பொதுவாகக் கதிர் தேவைப்படாது. ஆனால் அதைச் சுற்றுத் திசு இல்லாமல் பட்டாணி மாதிரி பிதுக்கி எடுத்தால், சில வருஷம் கழித்து ஒன்றுக்குப் பத்தாகத் திரும்பி வரலாம். ‘சாயங்காலமே வீட்டுக்குப் போயிடலாம்’ ஆசாமியை நினைத்துக்கொண்டேன்.

கதிர் தொடங்குவதற்கு முன்பு பல் டாக்டர். இது எங்களுக்குப் பெரிய ஆச்சரியம். கதிர் பட்ட தாடை எலும்புக்குப் பிறகு ஆறும் சக்தி குறைந்துவிடும். அப்புறம் பல்லைப் பிடுங்கினால் குழி ஆறாமல் எலும்பே அரிக்கத் தொடங்கலாம். ஆகவே சொத்தைப் பல் இரண்டை முன்கூட்டியே எடுத்தார்கள், புண் ஆற இரண்டு வாரம். அதே சமயம் ஆபரேஷன் முடிந்து ஆறு வாரத்துக்குள் கதிரைத் தொடங்கிவிடுவது நல்லது. ஆறவும் வேண்டும், தாமதிக்கவும் கூடாது. அந்த இடுக்கில்தான் எல்லாத் தேதியையும் குறித்தார்கள்.

அடுத்து முகமூடி. வலைபோல் ஓட்டை ஓட்டையாக ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் தகடு. வெந்நீர்த் தொட்டியில் போட்டதும் அப்பளம் மாதிரி துவண்டது. அதை முகத்தின் மேல் இழுத்து, மேசையோடு கவ்வி, கன்னம், மூக்கு, தாடை எல்லாம் பதியும்படி அழுத்தினார்கள். சில நிமிஷத்தில் இறுகிவிட்டது. தினமும் அதே முகமூடி, அதே படுக்கை, அதே நிலை. சில மில்லிமீட்டர் நகர்ந்தாலும் குறி தப்பும். அதைப் போட்டு சி.டி. எடுத்து, பரோட்டிட் இருந்த குழியிலிருந்து நரம்பின் பாதை வழியாக மண்டை ஓட்டில் அது வெளியே வரும் துளை வரை கோடு வரைந்து திட்டம் போட்டார்கள். எதிர்ப்பக்கச் சுரப்பி, தண்டுவடம், கண், உள்காது ஆகியவற்றுக்கு எவ்வளவுக்கு மேல் போகக் கூடாது என்று தனித்தனி வரம்பு. மாமா அந்தக் கம்ப்யூட்டர் படத்தைப் பார்த்துவிட்டு, “ஒயரிங் டயகிராம்” என்றார்.

மொத்தக் கதிர் அளவு 66 கிரே. நாளுக்கு 2 கிரே வீதம், திங்கள் முதல் வெள்ளி வரை. ஒரே நாளில் கொடுக்காமல் ஏன் இழுக்கிறார்கள்? ஒவ்வொரு நாளும் நல்ல செல்லுக்கும் அடி விழுகிறது, கெட்ட செல்லுக்கும் விழுகிறது. அடுத்த நாளைக்குள் நல்லது ஓரளவு தேறிவிடும், கெட்டது அவ்வளவு தேறாது. அந்த வித்தியாசத்தை 33 தடவை சேமிக்கிறார்கள்.

எங்கள் வண்டலூரில் காலை ரயில், கிண்டியில் இறங்கி பஸ். ஆறரை வாரமும் ஒரு பொது விடுமுறையும். தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷன் வரும்போதெல்லாம் மாமா அந்தப் பெயர்ப் பலகையைப் பார்ப்பார். 1928-ல் டாக்டர் டேவிட் சௌரி முத்து அங்கே காசநோய் மருத்துவமனை தொடங்கியபோது, காசநோய் என்றால் ஊரே ஒதுக்கும். இன்றைக்கு ஆறு மாத மாத்திரை. “கேன்சரும் ஒருநாள் இப்படி வெறும் ஸ்டேஷன் பேரா ஆயிடும்” என்று ஒருநாள் சொன்னார்.

புற்றுநோய் சிகிச்சையில் நம் சென்னைக்கு நீண்ட பழக்கம் உண்டு. பொது மருத்துவமனையின் பர்னார்டு கதிரியக்க நிலையம் 1934-ல் திறந்தது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். 1957-ல் அங்கே கோபால்ட் கருவி வந்தது. அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி கத்தி பிடித்தவர், 1955-ல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவோடு சேர்ந்து வாய்ப் புற்றுநோய்க்குக் கதிரையும் மருந்தையும் இணைத்துக் கொடுத்துப் பார்த்தவர். ஒரே ஆயுதத்தை நம்பாமல் கூட்டாகத் தாக்குவது இங்கே பழைய பாடம். வண்டலூர்க்காரர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. நம் வாலாஜாபாத் சாலையிலேயே ஒரகடம் தாண்டிப் போனால் காஞ்சிபுரம், அதைத் தாண்டி காரப்பேட்டையில் அண்ணா பெயரில் அரசு புற்றுநோய் மருத்துவமனை. புற்றுநோயால் இறந்த முதல்வரின் நினைவாக, அவர் இறந்த அதே 1969-ல் வந்தது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆபரேஷனும் கதிர்வீச்சும் இரண்டுமே வரும். குடும்ப வருமானம் திட்டத்தின் வரம்புக்குள் இருந்தால் முதல் நாளே அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.

முதல் இரண்டு வாரம் ஒன்றும் தெரியவில்லை. “ஷாக்கும் இல்ல, சூடும் இல்ல, சும்மா ஒரு மெஷின் சுத்திச் சுத்தி வருது. இதுக்குப் போயா கரண்ட்டுன்னு பேரு வச்சாங்க?” மூன்றாவது வாரம் சாப்பாட்டில் ருசி போனது. காபி வெறும் சூடு. அத்தை வைத்த மீன் குழம்பை ஒரு வாய் எடுத்துவிட்டு, “மண்ணு மாதிரி இருக்கு” என்றார். அத்தை அடுப்படியில் போய் அழுதார்கள், குழம்புக்காக மட்டும் இல்லை. ஐந்தாவது வாரம் கன்னத் தோல் கருத்து உரிந்தது, உள்கன்னத்தில் புண். காரம் மொத்தமாக நின்றது. மோர் சாதம், கஞ்சி, இளநீர், குழைந்த பருப்பு. ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் கொஞ்சம் உப்பும் சமையல் சோடாவும் போட்டு நாளைக்கு ஆறேழு தடவை கொப்பளிப்பு.

இன்னொரு வேலை, வாய் திறக்கும் பயிற்சி. கதிர் பட்ட தாடைத் தசை மெல்ல இறுகும், விட்டால் வாய் இரண்டு விரல் அளவுக்குச் சுருங்கிவிடும். ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கி ரப்பர் பேண்ட் போட்டுப் பல்லுக்கு நடுவில் வைத்து, வாரத்துக்கு வாரம் ஒரு குச்சி கூட்ட வேண்டும். மாமா கடையில் ஸ்குரூ டிரைவர் டப்பாவுக்குப் பக்கத்தில் அந்தக் குச்சிக் கட்டும் நிற்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பேத்தியை ஜூவுக்குக் கூட்டிப் போனோம். நீர்யானை வாயைப் பிளந்தது. பேத்தி, “தாத்தா, அதுக்கு எத்தனை குச்சி?” என்று கேட்டது.

இப்போது மூன்று வருஷம் ஆகப்போகிறது. ருசி முக்கால்வாசி திரும்பிவிட்டது. வாய் ஒரு பக்கம் வறளும், பாட்டில் தண்ணீர் இல்லாமல் வெளியே கிளம்ப மாட்டார். காது மடல் இன்னும் மரத்தாற்போல்தான். இந்த நோய் பத்துப் பதினைந்து வருஷம் கழித்தும் எட்டிப் பார்க்கும், பெரும்பாலும் நுரையீரலில். அதனால் ஐந்து வருஷம் ஆனால் முடிந்தது என்று கணக்கை மூட முடியாது. வருஷம் ஒருமுறை நெஞ்சு ஸ்கேன். கடை காலண்டரில் வார்னிஷ் வாங்கும் தேதி, கரண்ட் பில் தேதி, ஸ்கேன் தேதி மூன்றையும் ஒரே சிவப்புப் பேனாவால் வட்டமிட்டிருக்கிறார்.

காதுக்குக் கீழேயோ தாடைக்கு அடியிலோ வலிக்காத கட்டி ஒன்று மூன்று வாரத்துக்கு மேல் இருந்தால், பற்றுப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். முகம் லேசாகக் கோணினாலோ மரத்தாலோ ஒரு நாளும் தள்ளாதீர்கள். அவசர வெட்டுக்கு ஒப்புக்கொள்ளாமல் தலை–கழுத்து அறுவை சிகிச்சை செய்பவரிடம் போங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு கதிர் என்று சொன்னால் ஏதோ தப்பாகிவிட்டது என்று இடிந்துபோகாதீர்கள். ரிப்போர்ட்டில் ஓரம் எப்படி, நரம்பு எப்படி என்று இரண்டு கேள்வி கேளுங்கள்.

போன வாரம் கடைக்குப் போயிருந்தேன். கூடுவாஞ்சேரியிலிருந்து ஒருவர் போன் செய்திருந்தார், அவர் தம்பிக்கு இதே கட்டி, ஆபரேஷன் முடிந்துவிட்டதாம். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு மாமா கையில் இருந்த ஸ்டேட்டரைத் தூக்கி, உள்ளே கிடந்த தூசியை ஒரே மூச்சில் ஊதித் தள்ளினார். ஆபரேஷன் முடிந்து நாலு மாசம் அந்த ஊதல் வாயோரம் கசிந்து வீணாகப் போய்க்கொண்டிருந்தது எனக்கு நினைவு வந்தது. போனில் அந்த ஆள் கேட்டுக்கொண்டிருந்தார்: “சுத்தமா எடுத்தாச்சுங்கறாங்கண்ணே, அப்புறம் எதுக்குக் கரண்ட்டு?”

மாமா ஸ்டேட்டரைக் கீழே வைத்தார். “உங்க வீட்டு மொட்டை மாடி மழைக்கு ஒழுகுமா தம்பி?” என்று ஆரம்பித்தார்.